கட்டு மாற்றும் நேரம்

காலையில் கட்டு மாற்றும்போது ஜெகதீஸ்வரன் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அடிவயிற்றில் துளையிட்டு மூத்திரப்பையிலிருந்து வெளியே எடுத்திருக்கும் குழாயை, அதைச் சுற்றிய புண்ணை, அதற்கும் கீழே வெடி விட்டுவைத்த மிச்சத்தை நந்தினி துடைப்பாள், மருந்து வைப்பாள், மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பையைக் கழற்றி மாற்றுவாள். எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி, பல ஆஸ்பத்திரிகளில் கிடந்து, பட்டாளத்தை விட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். கல்யாணமாகி லீவு முடிந்து கிளம்பியபோது அவளை விட்டு நகர மனசில்லாமல் போனவன். இப்போது கட்டு முடிந்ததும் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணனின் கிழிந்த வலையோடு உட்கார்ந்துவிடுவான். அவள் கை தற்செயலாகப் பட்டால்கூட எழுந்து போய்விடுவான்.

"நந்தினி மாதிரி யாரு பாத்துப்பா" என்று குப்பத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவள் வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவாள்.

மாசா மாசம் குழாய் மாற்றச் சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இந்த முறை புது டாக்டரம்மா. குழாயை மாற்றிவிட்டு, காய்ச்சல் வந்ததா, ரத்தம் கலந்து போகிறதா என்று விசாரித்தார். வழக்கமாக இத்தோடு அனுப்பிவிடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"புருஷன் பொண்டாட்டியா நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?"

ஜெகதீஸ்வரன் போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டான். நந்தினி முந்தானையைச் சுருட்டினாள். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் முந்திக்கொண்டது.

"நர்ஸம்மா மாதிரி இருக்கேன் மேடம். பொஞ்சாதியா இருக்க வுட மாட்டேன்றாரு."

அவன் முகம் கறுத்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது.

"கட்டு யார் மாத்துறது?" டாக்டர் அவனைக் கேட்டார்.

"அவதான்."

"உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

அவன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். "அடிபட்டதுலேந்து நான் அத பாத்ததே இல்ல மேடம்."

டாக்டர் தலையசைத்தார். "இனிமே நீங்களே மாத்துங்க. சிஸ்டர் சொல்லித் தருவாங்க. அடுத்த தடவை ரெண்டு பேரும் வந்து என்கிட்ட பேசுங்க. பழையபடி ஆயிடும்னு சொல்லல. ஆனா நெருங்கி வாழ வழி இருக்கு. அதுவும் வைத்தியந்தான்."

சிஸ்டர் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவன் வகுப்பில் உட்கார்ந்தவன் போலக் கவனித்தான்.

திரும்பும்போது ரயில் அனுப்பம்பட்டு தாண்டியது. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"இன்னாத்துக்கு அங்க போய் சொன்ன?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன். நீ எப்பனா கேட்டியா?"

"உனக்கு அருவருப்பா இருக்கும்னு..."

"தெனம் தொட்டுத் தொடைக்கறவ நானு. எனக்கு இன்னா அருவருப்பு? நீதான் பயந்துகினு கீற."

பொன்னேரி வந்தது. இறங்கும்போது துணிப்பையை அவளிடமிருந்து அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் பஞ்சும் மருந்தும் எடுத்துவைத்தபோது, தட்டை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டான். உள்ளே சத்தமே இல்லை. பிறகு ஏதோ உருண்டு விழுந்தது. பட்டாளத்து இந்தியில் ஒரு வசவு.

"நான் வரட்டா?"

"வாணாம். இரு."

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்பக்கம் போய் இறால் உரிக்க உட்கார்ந்தாள். பாதி உரித்திருப்பாள். அவன் வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சோப்பு வாசனை அடித்தது.

"பாத்தேன்," என்றான்.

அவள் உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள்.

"நான் நெனச்ச அளவு மோசமில்ல." பிறகு, "பிளாஸ்திரிய கோணலா ஒட்டிட்டேன்," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் ஈரக்கை அவள் முதுகில் படிந்து, தயங்கி, அங்கேயே நின்றது. அவளுடைய இரண்டு கையிலும் இறால் பிசுக்கு. கைகளை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி நந்தினி அசையாமல் இருந்தாள். விரல்களிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்து, மணலில் சொட்டிக்கொண்டிருந்தது.