ஒன்றேகால் சுத்து

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் தை இருபதாம் தேதி, காலை பத்தேகால் மணிக்கு, புதுச்சத்திரம் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் ஒரு டர்ட் பைக்கின் கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றேகால் சுத்து திறந்தபோது, அதைத் திறந்த மெக்கானிக் தமிழரசுவின் நெஞ்சும் ஒன்றேகால் சுத்து திறந்துகொண்டது. அன்று முட்டை விலை ஐந்து காசு இறங்கியிருந்தது. வானம் தெளிவு.

அதற்கு முந்தைய ஆறு வருடங்கள் அந்த நெஞ்சு பாதிதான் திறந்திருந்தது. தமிழரசு பத்தொன்பது வருடம் ரிக் வண்டியோடு போனவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மராட்டியம் என்று போன இடமெல்லாம் போர்வெல் போட்டார். குழியிலிருந்து பீய்ச்சியடிக்கும் கல்மாவை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவாசித்தார். துண்டு பெரிய பொடியைத் தடுத்தது, சின்னப் பொடியை உள்ளே விட்டது. நாமக்கல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரலில் கல்பொடி படிந்திருக்கிறது, எடுப்பதற்கு மருந்து இல்லை, இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்றார். சிக்கனத்துக்கு ஏற்ற தொழிலாகப் பார்த்து ஊருக்கு வந்து டூ வீலர் பட்டறை போட்டார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்தே தூங்கினார். அவர் மனைவி சௌந்தர்யா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவள். எங்கூட்டுக்காரர் ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பதற்குள் நான் முப்பது முட்டை அட்டையில் அடுக்கிவிடுவேன் என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

பைக் ராசிபுரத்து யாழினியுடையது. பட்டுத்தறி வைத்திருக்கும் சரவணமுத்துவின் ஒரே மகள். காய்ந்த ஏரியிலும் கரட்டுமேட்டிலும் வண்டியைத் தாவவிடும் ரேஸ்களுக்குப் போகிறவள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. முறுக்கினால் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. “ஏனுங்ணா, ரெண்டு பேரு பாத்துட்டாங்க, மிஸ்ஸிங் போகவே மாட்டீங்குது” என்றாள். தமிழரசு காது கொடுத்துக் கேட்டார். “எனக்கும் இதே சத்தந்தான் சாமி” என்றார். பிறகு ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடினார். கண் இருட்டியது, வழக்கமாக வருவதுதான் என்று நினைத்தார். அங்கிருந்து ஒரு சுத்து திறந்து, இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனார். ஒன்றேகாலில் சத்தம் ஏறிச் சீராக நின்றது. தமிழரசு ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எதிர் டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீயின் ஆவி பட்டறைப் பக்கம் சாய்ந்தது. அவர் சௌந்தர்யாவுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னார். அவள், “ஏனுங்க, ஆரு பேசறது? எங்கூட்டுக்காரரு போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள்.

சௌந்தர்யா எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல. ஓடவிட்டுப் பிளக் எரிந்த நிறம் பார்ப்பதற்காக வண்டி பட்டறையிலேயே இரண்டு நாள் நின்றது. அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே திருகினாள். உள்ளே சாப்பாடு நின்றது. “ஆரது கை வெச்சது?” என்று ஈனக்குரல் வந்தது. அவள் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, அன்றிலிருந்து அந்த வண்டியைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். வண்டியை எடுக்க வந்த யாழினி விஷயத்தைக் கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஸ்க்ரூ நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். “இனி என்ற வண்டில இதை ஆரும் தொடக்கூடாதுங்ணா. நானுந்தான்” என்றாள்.

அப்படியும் ஒருமுறை தொட்டுவிட்டார்கள். அந்தப் பங்குனியில் யாழினி கோயமுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மகள் வருவதற்குள் வண்டியைச் சர்வீஸ் செய்து வைக்கலாம் என்று சரவணமுத்து ஆசையாக ராசிபுரம் மெக்கானிக் பிரபாகரை வீட்டுக்கு அழைத்தார். பிரபாகர் வேலை தெரிந்தவர். சிவப்புப் பொட்டைப் பார்த்து, பொம்பளப்புள்ள வண்டியென்றால் பொட்டு வைப்பது சகஜம்தானே என்று நினைத்துக்கொண்டார். எந்த மெக்கானிக்கும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: முதலில் முழுக்க மூடிவிட்டு, பிறகு சுத்தை எண்ணலாம் என்று ஸ்க்ரூவை மூடினார். மூடிய கையோடு டீ வந்தது. பிரபாகர் டீயைக் குடித்தார். புதுச்சத்திரத்தில் தமிழரசு ஸ்டூலிலிருந்து சரிந்தார். சௌந்தர்யா யாழினியைக் கூப்பிட, யாழினி கல்யாணப் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, ஸ்க்ரூவத் தொறக்கச் சொல்லுங்க! அண்ணனுக்கு மூச்சு வல்லே!” தறிச் சத்தத்தில் சரவணமுத்து, “எந்த அண்ணன் கண்ணு? உனக்குத்தான் கூடப் பொறந்ததே இல்லையே” என்றார். “தொறங்கப்பா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பந்தியே திரும்பிப் பார்த்தது. பிரபாகர் டீயை வைத்துவிட்டு ஒன்றரைச் சுத்து திறந்தார். தமிழரசு எழுந்து உட்கார்ந்தார். ஆனால் யாழினி வந்து பொட்டுக்கு நேராக வைக்கும் வரை, நான்கு நாட்கள், அவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு விசில் வந்தது. சரவணமுத்து ராசிபுரம் நெய் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, “தெரியாம மூடிட்டமுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். தமிழரசு அந்த நெய்யை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அடுத்த வருடம் மார்கழியில் எருமப்பட்டிப் பக்கம் காய்ந்த ஏரியில் ஒரு ரேஸ் நடந்தது. முதலில் வருகிறவருக்கு கோயமுத்தூர் அணி ஒன்றில் இடம். யாழினி மூன்று வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான். பனிக்காற்றுக்கு ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே கொடுத்தால்தான் வண்டி இழுக்கும். அது எல்லோருக்கும் தெரியும், தமிழரசுவுக்கும் தெரியும். அவரே போன் செய்தார்.

“கால் சுத்து உள்ள குடு சாமி. பத்து நிமிசந்தானே, நான் சுவத்துல சாஞ்சுக்கறேன்.”

“போனை வையுங்ணா” என்றாள் யாழினி.

கொடி அசைந்ததும், பொட்டிலேயே நின்ற ஸ்க்ரூவோடு வண்டி இரண்டு முறை தடுமாறியது. எல்லோரும் போன பிறகு கிளம்பியது. கடைசியில் இருந்தவள் முறுக்கிய கையைத் தளர்த்தாமல் ஓட்டி மூன்றாவதாக வந்தாள். அணியில் இடம் கிடைக்கவில்லை. மதியம் பட்டறைக்கு வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பெட்ரோலில் அலசினாள். எருமப்பட்டிச் செம்மண் வரவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கைப்பிடி மாவு அடியில் படிந்தது. தமிழரசு அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். “இது ராஜஸ்தான் பளிங்கு சாமி. நானூறு அடில வந்துச்சு. நான் போட்ட குழிதான்” என்றார். யாழினி அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள்.

அதன்பிறகு ரேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் ஞாயிறுதோறும் எருமப்பட்டி ஏரியில் வண்டியை முறுக்கினாள். மாதம் ஒருமுறை ஃபில்டரை அலசினார்கள். சித்திரையில் மராட்டியத்துக் கருங்கல் வந்தது. ஆடியில் மத்தியப் பிரதேசத்துச் சிவப்பு. நடுவில் எந்த ஊர் என்று தமிழரசுவுக்கே நினைவில்லாத ஒரு சாம்பல் நிறம். சௌந்தர்யா நிறம் நிறமாகப் பிரித்து, காய வைத்து, சலித்து, டப்பாக்களில் போட்டு வைத்தாள். தமிழரசு இப்போது படுத்துத் தூங்கினார். டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன வைத்தியம் என்று கேட்டார். சொன்னார்கள். சீட்டில், ‘ஏர் ஸ்க்ரூ ஒன்றேகால் சுத்து, வாரம் ஒருமுறை ஓட்டம். இதையே தொடரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மார்கழிக் கடைசியில் ஃபில்டரிலிருந்து எருமப்பட்டிச் செம்மண் மட்டும் வந்தது. தை பிறந்து, பொங்கலன்று காலையில், சௌந்தர்யா பட்டறை வாசலைக் கழுவிவிட்டு டப்பாக்களைத் திறந்தாள். வெள்ளையில் கோடு இழுத்து, சிவப்பிலும் கருப்பிலும் சாம்பலிலும் நிரப்பி, நெடுஞ்சாலை ஓரம் வரை கோலம் போட்டாள். பஸ்கள் வேகத்தைக் குறைத்துப் போயின. கரும்போடு வந்த யாழினி கோலத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தித் தயங்கினாள். “ஏறி வா சாமி, உனக்குப் போட்டதுதான்” என்றாள் சௌந்தர்யா. டயர்த் தடம் நடுவே நேராக விழுந்தது. இன்ஜின் சீராக நின்று ஓடியது; தமிழரசு அடுப்பை ஒரே ஊதலில் பற்றவைத்தார்.

எதிர் டீக்கடைக் குப்பாயி தன் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தாள். “இந்தக் கலரு எந்தக் கடைல வாங்குன புள்ளே?” என்று கேட்டாள்.

“கடைல வாங்கலீங்கக்கா. எங்கூட்டுக்காரரு பத்தொம்பது வருசம் வெளியூருல சம்பாரிச்சுக் கொண்டாந்தது.”

“அதானே, நைசா இருக்குது” என்ற குப்பாயி, சிவப்பில் ஒரு கைப்பிடி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “வாரேன்” என்று சொல்லித் தன் கோலத்தை முடிக்கப் போனாள்.