வயலினுக்கு நடுவில் ஓர் இருமல்

அந்தக் கேசட்டைக் கேட்டதும் முனவ்வறாவுக்கு முதலில் வந்தது கோபம். வராமல் என்ன செய்யும்? புருசன் மசூர் குவைத்துக்குப் போய் மூன்று வருடம். அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் கார் ஓட்டினான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, லீவில் வருகிற யாராவது ஒருவர் கையில் கேசட் ஒன்று வரும். போட்டவுடன் "அஸ்ஸலாமு அலைக்கும் முனா, நான் நல்ல சுகம்" என்று அவனுடைய குரல் வீடு முழுக்க நிறையும். இந்த முறை வந்ததில் ஸலாமும் இல்லை, சுகமும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஒரு கூட்டம் வாத்தியங்கள் முழங்கின, பிறகு ஒரு வயலின் அழத் தொடங்கியது. அதுபாட்டுக்கு அழுதுகொண்டே போனது.

உறைக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. "இதை அழித்துப்போடாதே. முழுக்கக் கேட்டு, உனக்கு எப்படி இருந்தது என்று சொல். வெள்ளிக்கிழமைகளில் துரை வீட்டில் நான் கேட்பது." அவ்வளவுதான். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னத் தட்டுகள் இரண்டையும் உடைத்தும் விட்டிருந்தான். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது.

அவன் அப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மருதமுனையில் அந்த எண்பத்தோராம் ஆண்டில் கேசட் என்பது போய்வருகிற சாமான். வெளிநாட்டிலிருந்து வந்ததைக் கேட்டு முடித்ததும், அவர்கள் பேசியதற்கு மேலேயே இவர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அங்கே இருக்கிறவர் அதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் பேசி அனுப்புவார். வீட்டுக்கு வீடு அப்படித்தான். யாருடைய குரலும் எங்கும் மிஞ்சுவதில்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதுமில்லை. ஆள் இருக்கிறார், அடுத்த கேசட்டில் மறுபடி பேசத்தானே போகிறார்?

முனவ்வறா வயலினை முழுக்கக் கேட்கவில்லை. அவன் குரல் எங்கே வருகிறது என்று பட்டனை அமத்தி அமத்தி ஓடவிட்டுத் தேடினாள். இரண்டு பக்கமும் தேடினாள். வயலின், வயலின், ஒரே வயலின்.

"இதென்னகா புள்ள, பூனைக்குட்டியப் புடிச்சி வாலத் திருகுற மாதிரி?" என்று அவளுடைய தாய் சல்மா உம்மா குசினிக்குள் இருந்து கேட்டாள். முனவ்வறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாகப் பாயில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. வந்த கேசட்டிலும் மனுசன் வாய் திறக்கவில்லையென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போன முறை அவன் பேசி அனுப்பிய கேசட், பதில் பேசுவதற்காக வீட்டில் கிடந்தது. அதை எடுத்துப்போட்டாள். அவன் பேசியதற்கு மேலேயே பேசினாள். "உங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி? ரெண்டு மாசமாக் காத்திரிந்து கேசட் வந்தா, அதுக்குள்ள ஆரோ வயலின் வாசிக்கிறான். நான் அவனையா கலியாணம் முடிச்ச? ஒரு வார்த்த கதைக்க உங்களுக்கு நேரமில்லயா?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, அடுத்த கிழமை குவைத்துக்குத் திரும்பியவர் கையில் கொடுத்துவிட்டாள்.

கேசட் போன பத்தொன்பதாம் நாள் தந்தி வந்தது. பாலைவன ரோட்டில் கார் புரண்டு மசூர் மௌத்து. ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். கேசட் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, அந்தப் பேச்சை அவன் கேட்டானா, கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினானா, சொல்வதற்கு ஒரு சனம் இல்லை.

முனவ்வறா வெள்ளை உடுத்து, புருசனை இழந்தவள் இருக்கிற இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். அறை வாசலில் சீலை தொங்கியது. கூடப்பிறந்த தம்பி ஜெமீலைத் தவிர வேறு ஆண்பிள்ளை அவளைப் பார்க்கக் கூடாது, அவளும் அவர்களோடு கதைக்கக் கூடாது. அவளுக்கு இருந்தது ஒரே ஏக்கம். அவன் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும். எங்கே போய்க் கேட்பது? வந்த அத்தனை கேசட்டிலும் அவன் பேசியதற்கு மேல் அவளே பேசி அனுப்பியிருந்தாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், லுஹர் தொழுதுவிட்டு, வயலின் கேசட்டைப் போட்டாள். முழுக்கக் கேள் என்று அவன் கடைசியாகச் சொன்ன ஒரு காரியத்தைக்கூடச் செய்யவில்லையே என்று மனம் அரித்துக்கொண்டிருந்தது. இந்த முறை பட்டனில் கை வைக்கவில்லை. முழக்கம் போனது, ஓட்டம் போனது. நடுவில் வேகமெல்லாம் ஓய்ந்து மெதுவாகிற இடம் வந்தது. மற்ற வாத்தியங்கள் அடங்கிவிட, வயலின் மட்டும் மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உயரத்தில் மெல்லிய நூலாக நின்றது. அந்த அமைதிக்குள் யாரோ இருமினார்கள். இரண்டு இருமல். கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம். பிறகு மூச்சோடு மூச்சாக, "அல்லாஹ்வே..."

முனவ்வறா பாயை விட்டு எழும்பிவிட்டாள். மசூர்! துரையின் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்திருக்கிறான். மூச்சு விடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த இடத்தில் தாங்க முடியாமல் போயிருக்கிறது. அந்த "அல்லாஹ்வே"யில் அழுகை இருந்தது. கல்யாணம் முடித்துக் கூட இருந்த ஒன்றரை வருடத்தில் அவன் அழுது அவள் கண்டதில்லை. உறுமாலை வாயில் அடைத்துக்கொண்டு முனவ்வறா அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏழு தரம், எட்டுத் தரம் அந்தக் கேசட் ஓடியது. பக்கத்து வீட்டு றுகையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு நேரே வந்தே கேட்டாள். "என்ன சல்மா உம்மா, இத்தா இரிக்கிற ஊட்டுல பாட்டுப் போடுறயள்? மௌத்தான மனிசனுக்கு மரியாத இல்லயா?"

"பாட்டு இல்லகா, அது மருமகன் அனுப்பின கடுதாசி. உனக்கு வாசிக்கத் தெரியாட்டி நாங்க என்ன செய்ற?" என்றாள் சல்மா உம்மா. றுகையா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இருமலைப் பற்றி முனவ்வறா ஒருவருக்கும் சொல்லவில்லை, தாய்க்குக்கூட. சொன்னால் ஊரே வந்து காதை வைத்துக் கேட்கும், "பாவம், புள்ளைக்கு மண்டை பிசகிப்போச்சு" என்று போகும். அது அவளுடையது. அவளோடு இருக்கட்டும். கேட்கக் கேட்க அந்த வயலினும் பழகிப்போனது. வாசித்தவன் எந்த ஊரோ, என்ன சாதியோ, அவனுக்கும் யாரோ மௌத்தாகியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நல்லாரிக்கி, மெய்யாவே நல்லாரிக்கி என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரே இடத்துக்குத் திருப்பித் திருப்பி ஓட்டினால் எந்தக் கேசட்தான் தாங்கும்? மூன்றாம் மாதம் நாடா பெட்டிக்குள் சிக்கிக் கசங்கிவிட்டது. முனவ்வறாவுக்கு உயிர் போய் வந்தது. மெதுவாக இழுத்தெடுத்துச் சுற்றிப் போட்டாள். இருமல் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொடக்கத்தில் ஓரிடம் கரகரத்து இழுத்தது, இனிப் போட்டால் அறுந்துவிடும் போலிருந்தது. ஜெமீலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கல்முனைக்குக் கொண்டுபோய்ச் சரியாக்கித் தா. கவனம், அழிஞ்சிடாம. கவனமெண்டு சொல்லு."

"ஏன் ராத்தா இப்பிடிப் பயப்படுறீங்க? செல்லத்தம்பி அண்ணன்ட குடுத்தா ஊசி நுனியில வெச்சிப் பாப்பாரு."

அப்போதாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. புருசனின் இருமலைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்று கூடப்பிறந்தவனிடம் எப்படிச் சொல்வது?

செல்லத்தம்பி கல்முனையில் ரேடியோ திருத்துகிறவர். அத்தோடு வயலின்காரர், கோயில் கச்சேரிகளில் வாசிக்கிறவர். எந்தக் கடையில் எந்த மணி அடித்தாலும் அது என்ன சுரம் என்று சொல்கிற காது. ஜெமீல் இரண்டு நாளில் வந்து புதினம் சொன்னான். "ராத்தா, அந்த மனிசன் கேட்டுட்டு அழுதிட்டாரு! வாசிக்கிறவன் உலகத்திலயே பெரிய ஆளாம். பேர் சொன்னாரு, எனக்கு வாயில வரல்ல. இப்பிடியொரு வாசிப்ப ரசிச்ச மனிசனக் கண்டு கதைக்கக் கிடைக்கல்லயே எண்டு மச்சானுக்காகக் கவலப்பட்டாரு." முனவ்வறாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு செல்லத்தம்பி தானே வந்தார். விறாந்தையில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். ஜெமீல் கேசட்டைப் பெட்டியில் போட்டு, அறைச் சீலைக்கு இப்பால் வைத்தான். றுகையாவும் என்ன ஏதென்று பார்க்க வந்து, உள்ளே சல்மா உம்மாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

வாத்தியங்கள் முழங்கியபோதே வேறு சத்தம். அவ்வளவு தெளிவு. கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. வயலின்காரன் வீட்டுக்குள் வந்து நின்று வாசிப்பது போலிருந்தது. பக்கத்து வளவில் தறியடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. மெதுவான இடம் வந்ததும், பாட்டுக் கூடாதென்று சண்டைக்கு வந்த றுகையா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "என்னகா இது, என்ட உம்மா மௌத்தான நாள் ஞாபகம் வருது" என்றாள். சல்மா உம்மாவுக்குக் கண்ணீர் ஓடியது.

முனவ்வறா சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயலின் ஏறியது. ஏறி, உச்சியில் நின்றது. இப்போது. இதோ.

ஒன்றுமில்லை. வயலின் தனியாக நின்றது, தனியாகவே இறங்கியது. இருமல் இல்லை. கோப்பை இல்லை. அல்லாஹ் என்று அழைக்க ஆள் இல்லை.

கேசட் முடிந்ததும் விறாந்தையிலிருந்து செல்லத்தம்பியின் குரல் கேட்டது. குரலில் மகிழ்ச்சி தளும்பியது.

"மட்டக்களப்பில ஒரு பாதரிட்ட இதே இசைத்தட்டு இருந்திச்சு உம்மா. ஒரு நாள் முழுக்க அங்க இருந்து, வயர் போட்டு நேரடியாப் பதிஞ்சன். மருமகன் பதிஞ்சதில ஆரோ இருமுறாங்க, கோப்பை சத்தம் வேற, நல்ல இடத்திலயே கெடுத்துப்போட்டுது. இப்ப அப்பிடி ஒண்டுமில்ல, சுத்தம். வேற கேசட்டில பதியல்ல நான். அவர் கையால தொட்டு அனுப்பினதெல்லோ தங்கச்சிக்குப் பெறுமதி? அதால உடைஞ்ச தட்டுக்கு மேல கடதாசி ஒட்டிப்போட்டு, இதுக்கு மேலயே பதிஞ்சன். தங்கச்சி என்ன சொல்றா? பிடிச்சிருக்காமா?"

சீலை விலகியது. வெள்ளை உடுப்போடு முனவ்வறா விறாந்தைக்கு வந்து நின்றாள்.

"யா அல்லாஹ்! புள்ள, உள்ளுக்குப் போகா! இத்தா முறிஞ்சிரும்!" என்று றுகையா கத்தினாள். சல்மா உம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். முனவ்வறா கையை உதறினாள். செல்லத்தம்பி பதறி எழுந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணன், அந்த இருமினது என்ட மச்சான்" என்றாள்.

செல்லத்தம்பி திரும்பிப் பார்த்தார். மனுசனின் முகத்தில் இரத்தம் இல்லை. "ஐயோ, தங்கச்சி" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்க. நீங்க ஒண்டும் வேணுமெண்டு செய்யல்ல. ஆனா நீங்க கேட்டீங்கதானே? கடைசியாக் கேட்டது நீங்கதானே?" என்றாள் முனவ்வறா. "உங்கட காதுக்கு ஒரு தரம் கேட்டா மறக்காதெண்டு தம்பி சொல்லுவான். எப்பிடி இரிந்திச்சி? எனக்கு இரிமிக் காட்டுங்க."

செல்லத்தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணை மூடினார். இருமினார். முதலாவது வறண்ட இருமல், இரண்டாவது நெஞ்சுக்குள்ளிருந்து. கொஞ்சம் பொறுத்து, மூச்சோடு மூச்சாக, "அல்லாஹ்வே" என்றார்.

அச்சொட்டாக அதே இருமல். அதே அழுகை. வேலியில் நின்றவர்களுக்கே உடம்பு சிலிர்த்தது. சல்மா உம்மா "என்ட மருமகன்!" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஓம்" என்றாள் முனவ்வறா. "இப்பிடித்தான்."

அவள் உள்ளே போய்ப் பாயில் இருந்தாள். சீலையை யாரோ இழுத்துவிட்டார்கள். கேசட் போனால் போகட்டும், இத்தனை தரம் கேட்ட காதுக்குள் அது இருக்கும், இனி அங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்று கண்ணை மூடி மசூரின் இருமலை நினைத்துப் பார்த்தாள். செல்லத்தம்பி இருமினார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மசூரின் முகத்தையும் கண்ணுக்குள் கொண்டுவந்து, மறுபடி நினைத்தாள். மறுபடியும் செல்லத்தம்பிதான் இருமினார்.