ஈசானியத்துச் சரிவு

வீட்டைக் கட்டுவதைவிட வாசலை ஒழுங்கு பண்ணுவது பெரிய பாடு என்று சூர்யகலாவுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. சின்னாளபட்டிக்கு வெளியே ரோட்டை ஒட்டி வாங்கிய மனையில் மாடிவீடு எழும்பி, ஆவணியில் பாலும் காய்ச்சியாகிவிட்டது. மிச்சம் இருந்தது வீட்டைச் சுற்றிய வெறும் நிலம்தான். பால் காய்ச்சும்வரை லீவில் இருந்துவிட்டுத் துபாய் வேலைக்குத் திரும்பிய கணவன் ஈஸ்வர், அங்கே எவனோ ஒரு அரபி வீட்டு முன்னால் பச்சைப் புல்தரையைப் பார்த்து மயங்கிப் போயிருந்தான். ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் புல்விதைப் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பி, தான் தை மாதம் வரும்போது வாசல் பச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தான். மாடு மேயப் புல் இல்லாத ஊரில் மனுஷன் பார்க்கப் புல் வளர்க்கிறார்களாம் என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கட்டட வேலையில் சிதறிய கல்லையும் காரையையும் பொறுக்க ஆள், மேடு தட்ட ஆள், கண்மாய் வண்டல் அடிக்க டிராக்டர், உருளை போட ஆள். ஒருவன் வந்தால் இன்னொருவன் வரமாட்டான். கல் பொறுக்கும் முன்பே வண்டல் வந்து கொட்டும். வண்டலைப் பரப்ப வேண்டியவன் ரெட்டியார்சத்திரத்தில் யார் வீட்டுக் காதுகுத்திலோ உட்கார்ந்திருப்பான். கடைசியில் டிராக்டர்காரன் சோலைமுத்துவிடம் மொத்த மண்வேலையையும் ஒப்படைத்துவிட்டு, குடையைப் பிடித்தபடி வெயிலில் நின்று வேலை வாங்கினாள்.

அப்படி நிற்கக்கூடாத உடம்பு அது. இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தன. இது ஐந்தாவது மாதம். சாமி, சாஸ்திரம், பஞ்சாங்கம் எதிலும் அவளுக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் வயிற்றை நினைத்தால் மட்டும் பயம் வந்துவிடும்.

பிடிப்பெல்லாம் மாமனார் ஆண்டிச்சாமிக்குத்தான். திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கியில் கணக்கெழுதி ஓய்ந்தவர், ஓய்ந்த பிறகு மனையடி சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஈசானியத்துக்குத்தான் ஓடணும் தாயி. வடகிழக்கு தாழ்ந்தாத்தான் வம்சம் தழைக்கும். அது மேடாச்சுன்னா பிள்ளைக்கு ஆகாது."

அந்த மண்ணின் போக்கோ வேறு. கிழக்கே சிறுமலை, பெய்கிற மழையெல்லாம் காலங்காலமாக மேற்கே ரோட்டோர வாய்க்காலுக்குத்தான் ஓடிவந்தது. அதை மறித்து, தென்மேற்கில் வண்டலைக் குவித்து உயர்த்தி, நிலம் முழுவதையும் வடகிழக்கு மூலைக்குச் சரியவைத்தான் சோலைமுத்து. மழமழவென்று, பார்க்கக் கண்ணுக்கு அழகாக இருந்தது. அந்த மூலையில் மட்டும் காம்பவுண்டுச் சுவர் இல்லை. பக்கத்து வீட்டு மண்சுவரே எல்லை.

பக்கத்து வீடு சொர்ணலட்சுமியுடையது. புருஷன் போனபிறகு ஒற்றையாளாகக் குழித்தறியில் சேலை நெய்து காலந்தள்ளுகிறவள். சூர்யகலாவும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான் என்பதால் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. புளிப்பாக எதையாவது தின்ன ஆசை வந்தால் சூர்யகலா கேட்கும் முன்பே சொர்ணலட்சுமி வீட்டிலிருந்து கிண்ணம் வந்துவிடும்.

விதையை மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோலைப் பரப்பி, காலையும் மாலையும் மோட்டார் போட்டு நனைத்தார்கள். வைக்கோலுக்கு அடியில் ஊசி ஊசியாகப் பச்சை தலைகாட்டிய அன்று சொர்ணலட்சுமி வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"கலா, எங்க வீட்டுக் குழி வேர்க்குது தாயி. செத்த வந்து பாரு."

சூர்யகலா போனாள். குழித்தறி என்றால், தரையில் பள்ளம் தோண்டி அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிக்கட்டையை மிதித்து நெய்வது. அவள் அப்பாவும் அப்படித்தான் நெய்தார். பழகிய கால் தானாகக் குழிக்குள் இறங்கியது. இறங்கியதும் சுருக்கென்று இழுத்துக்கொண்டாள். அடியில் சேறு. குழியின் பக்கமெல்லாம் நீர் கசிந்து மினுங்கியது. எழுந்து போய் மண்சுவரைத் தொட்டாள். முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. விரலை வைத்து அழுத்தினாள். பாகு வெல்லத்தில் பதிவதுபோல் பதிந்தது.

"அக்கா, ரெண்டு நாளைக்குத் தறியில உக்காராதீங்க. சுவரு சரியில்ல."

"நல்லா சொன்ன போ. தீபாவளிக்கு ஒரு வாரந்தான் இருக்கு. கடைக்காரன் கழுத்துல துண்டு போடுறான். நீ தண்ணியத் திருப்பிவிடு, போதும்."

தண்ணீரைத் திருப்புவது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. சோலைமுத்துவிடம் கேட்டபோது அவன் மண்ணைப் பார்த்த வாக்கிலேயே சொல்லிவிட்டான்.

"அரை நாள் வேலக்கா. மூலையில கரை போட்டு, மேக்கால ஒரு வாய்க்கா இழுத்துட்டா ரோட்டுக்குப் போயிரும். புல்லுல கொஞ்சம் சேதாரம் ஆகும். நாளைக்கே வாரேன்."

ஆண்டிச்சாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால் சூர்யகலாவும் சத்தம் போட்டிருப்பாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"செய் தாயி. உன் வீடு, உன் புருசன் காசு. நான் யாரு குறுக்க நிக்க? ஆனா ரெண்டு போச்சு. மூணாவதுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. முட்டாள்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. சோலைமுத்து பதிலுக்குக் காத்து நின்றான்.

"நாளைக்கு அஷ்டமி," என்றாள். "அதுக்கடுத்து நவமி. தசமிக்கு வாப்பா."

சோலைமுத்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். விதை தூவ மாமனார் நல்ல நாள் பார்க்கச் சொன்னபோது, புல்லுக்கு எதற்குப் பஞ்சாங்கம் என்று கேலி பண்ணியவள் இவள்தான். வேண்டாத வேலையைத் தள்ளிப்போட அஷ்டமி நவமியைப்போலத் தோதான கூட்டாளி வேறு யாருமில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பாதிப் பாவம் அதோடு கழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மேலே இருக்கிற மோட்டாரை யார் நிறுத்துவது என்று அவளுக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடவில்லை.

அஷ்டமி எப்படியோ போய்விட்டது. நவமியன்று மத்தியானம் சிறுமலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. மேகம் மலையை மூடிவிட்டு ஊர்ப்பக்கம் இறங்கியது. காற்றில்லை. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மழை, சோவென்று.

சூர்யகலா ஜன்னலில் நின்று பார்த்தாள். புல்தரையில் விழுந்த தண்ணீர் ஒரு பொட்டுக்கூடத் தேங்கவில்லை. சாஸ்திரம் சொன்னபடி, சோலைமுத்து மட்டம் பார்த்தபடி, மொத்தமும் திரண்டு வடகிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போக்கிடம் இல்லாமல் சுவரில் முட்டிச் சுழன்றது.

ஓடிப்போய் அந்த அக்காவை வெளியே இழுத்துவிடலாம். மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் மேற்கே ஒரு வழி திறக்கும். அவள் வாசல்வரை போனாள். மண்வெட்டி அங்கேதான் சாத்தியிருந்தது. ஆண்டிச்சாமி நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை நின்றுவிடும், விடிந்தால் தசமி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மண்வெட்டியைத் தொட்ட கையை எடுத்துவிட்டாள்.

சுவர் பெரிய சத்தம் போட்டு விழவில்லை. மூட்டையை இறக்கிவைத்ததுபோல் ஒரு சத்தம்தான். அதன் பிறகு தறி கேட்கவில்லை.

ரோட்டில் போனவர்கள் ஓடிவந்தார்கள். கால் இரண்டும் குழிக்குள் இருந்ததால் சொர்ணலட்சுமியால் எழுந்து ஓட முடியவில்லை. ஓடு, மூங்கில், மண் எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டு, பாவு நூல் சுற்றிய உடம்பைத் தூக்கிவந்து புல்தரையில் கிடத்தினார்கள். ஒருவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஐயோ, அக்கா!" என்று சூர்யகலா அலறினாள். பொய் அலறல் இல்லை. நெஞ்சு வெடித்துத்தான் அலறினாள். ஆனால் அந்த அலறலுக்கு ஒரு கணம் முன்னால் அவளுக்குள் வேறு ஒன்று வந்துபோனது. இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. அது என்னவென்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆண்டிச்சாமி குடையோடு வந்து அவள் தலைக்குமேல் பிடித்தார்.

"உள்ள வா தாயி, நனையாத." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புது வீடு ஒரு காவு கேக்கும்னு பால் காய்ச்சுன நாளையில இருந்து பயந்துக்கிட்டே இருந்தேன். வாங்கிருச்சு. பக்கத்து வீட்டோட போச்சு."

அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவேண்டும் என்றுதான் நிமிர்ந்தாள். ஆனால் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"அப்ப, இனிமே நமக்கு ஒண்ணும் வராதுல்ல மாமா?"