உமியும் தாளும்

உடப்புசல்லாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டியபோது சாம்பல் மண்ணும் பானை ஓடுகளும் கிளம்பின. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து சூசைரட்ணம் என்ற புரொபசர் வந்தார். அந்த மண்ணுக்குள் கருகிப்போன தானியம் இருக்கிறதாம். அதை வைத்து, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் என்ன தின்றார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிப்பாராம். இப்போது இருக்கிறவர்கள் என்ன தின்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் வந்ததில்லை என்று நான் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டேன்.

விரல் வேகமான பெண் ஒருத்தி வேண்டும் என்று அவர் கேட்டதால் தோட்டத்தை நடத்தும் துரை என்னை அனுப்பினார். அது 1955. அடுத்த வாரம் நுவரெலியாவில் எங்கள் பிரஜாவுரிமை விசாரணை. என் புருஷன் பொன்னையா இந்த மலையில் பிறந்தவர். நானும் அப்படித்தான். ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்பதால், இத்தனை வருடமும் இங்கேயே இருந்தோம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்களுக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நாடு இல்லை.

வேலை சுலபம்தான். மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகியதெல்லாம் மேலே மிதக்கும். அதைத் துணியில் அள்ளி, காயவைத்து, பொறுக்கித் தட்டில் போட வேண்டும். பதின்மூன்று வயதிலிருந்து கொழுந்து எடுத்த கை இது. கூடையில் ஒரு முற்றல் இலையோ காம்போ கிடந்தால் கணக்கப்பிள்ளை நிறுவையில் றாத்தலை வெட்டிவிடுவார். அந்தப் பழக்கத்தில் மணி மணியான தானியத்தை மட்டும் எடுத்துவிட்டு, உமி, தாள், கணு எல்லாவற்றையும் ஓடையில் கொட்டினேன். சுத்தமாகச் செய்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்று நாளாகத் தோண்டிய குழிக்குள்ளேயே கிடந்த புரொபசர், கடைசியில் வந்து தட்டைப் பார்த்தார். மிச்சம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். ஓடைப் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

“நான் சொல்லாமல் விட்டது என்ரை பிழைதான் பிள்ளை. சுத்தமான தானியம் எங்கையிருந்தும் வந்திருக்கலாம். உமியும் தாளும் கிடந்தால்தான் இஞ்சையே விளைஞ்சது, இஞ்சையே அடிச்சது எண்டு சொல்லலாம்.”

எனக்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. போன மாதம்தான் விசாரணைக்காக அதைத் துப்புரவாக்கியிருந்தேன். முத்திரை குத்திய துரையின் கடிதத்தையும் கல்யாணப் படத்தையும் துணியில் சுற்றி வைத்தேன். யுத்த காலத்து அரிசிக் கூப்பன், டிஸ்பென்சரி மருந்துத் துண்டு என்று கிழிந்து புகை ஏறிக் கிடந்த சில்லறைக் காகிதங்களை, பெரிய மனுஷர்கள் முன்னால் குப்பையை நீட்டக் கூடாது என்று அடுப்பில் போட்டுவிட்டேன். பொன்னையாவைக் கேட்கவுமில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். விறகு வெட்டிக்கொண்டிருந்தார். மிச்ச விறகையும் வெட்டி முடித்தார். மறுநாள் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினார். வேலைக்கு வந்தவர்களைப் பதிந்த பழைய பேர்ப் புத்தகங்கள் இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள்.

விசாரணையில் உத்தியோகத்தர் துரையின் கடிதத்தை ஒருமுறைதான் பார்த்தார். இது நாலு வருடத்துக்கு முன்னால் எழுதியது, இதை எவரும் எழுதி வாங்கலாம், யுத்த காலத்தில் இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்குச் சின்னத் துண்டாவது இல்லையா என்று கேட்டார். நான்தான் எரித்தேன் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் பொன்னையா எழுந்துவிட்டார்.

“இருந்துச்சுங்க. எலி கொதறிப்புடுச்சு. நான்தாங்க பெட்டிய சரியா மூடாம வச்சிட்டேன்.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உத்தியோகத்தர் எதையோ எழுதிக்கொண்டார்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஏனப்பா என்று பெரியவள் கேட்டாள். எலியைத்தான் அவளிடமும் சொன்னார். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.