அடுப்போரம் காய்ந்த ஷூ

சுகுமார் வேலை பார்க்கும் குடோனில் சேஃப்டி ஷூ இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஐப்பசி மழையில் அது தொப்பலாக நனைந்து வந்ததால், மறுநாள் புருஷன் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போகக் கூடாதே என்றுதான் சுதா அதை விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டு வந்து பார்த்தால், வலது ஷூவின் அடிப்பாகம் சூட்டில் இளகி, முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சுகுமார் கை நீட்டுகிறவன் இல்லை, திட்டுகிறவன்கூட இல்லை. ஆனால் போன வாரம்தான் மிக்ஸியை நனைத்துப் பாழாக்கியிருந்தாள். "உங்கைல எத குடுத்தாலும் வெளங்காது" என்று அவன் எல்லார் எதிரிலும் சிரித்தது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

பெட்டிக்கடையில் பசை வாங்கிவந்தாள். தேங்காய் நாரால் அழுக்கைத் தேய்த்து, பசையைப் பிதுக்கி, துணியால் இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றினாள். உள்ளே ஈரம் முழுதாகப் போகவில்லை என்பது விரலுக்குத் தெரிந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வழிந்து காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டி, அந்த இடத்தில் அடுப்புக்கரியைத் தடவினாள்.

காலையில் அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. "இன்னா சுதா, ஷூவெல்லாம் தொடச்சி வச்சிக்கீற?" என்று சந்தோஷமாக மாட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினான்.

சாயங்காலம் வலது கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது விழுந்து, மணிக்கட்டு முறிந்திருந்தது. கூட வந்தவன் ஒரு பையை நீட்டி, "வுழுந்ததுல ஷூவும் பிஞ்சிடுச்சி" என்றான். சுதா அதை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"தரை ஈரமா இருந்துச்சாம்," என்றான் சுகுமார். "பவளக்கா சரியா தொடைக்கலன்னு சூப்பர்வைசரு அவங்கள வேலைக்கே வராதன்னுட்டாரு. எனக்கு இன்னாவோ காலு தடுக்குன மாரிதான் இருந்துச்சி."

பவளம் அதே தெருக்கோடியில் இருப்பவள். குடோனில் கூட்டித் துடைப்பவள். சுதாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள், அவன் வலியில் முனகுவான், வாயை மூடிக்கொள்வாள்.

மறுநாள் காலையில் பவளமே வந்துவிட்டாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகுமாரின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"நல்லா ஒத்தி எடுத்துட்டுத்தாம்பா போனேன். ஆனா எங்கியாவது ஈரம் வுட்டுட்டனோ இன்னாவோ. மனசுல வச்சிக்காதப்பா."

"வுடுக்கா, யாரு வேணும்னு செய்றாங்க," என்றான் அவன்.

சுதாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. குனிந்து பையை இழுத்து, ஷூவை வெளியே எடுத்து வைத்தாள்.

"ஒம்மேல தப்பில்லக்கா. நாந்தான் இத அடுப்பாண்ட வச்சி கெடுத்தேன். ஈரத்தோட பசைய போட்டு ஒட்டுனேன். அதான் வாயத் தொறந்து கால வாரிடுச்சி."

பவளம் ஷூவைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "நேத்து சாய்ந்தரம் எம் புருசன் இன்னா பேச்சு பேசுனான் தெரிமா? நானும் தலைய குனிஞ்சி கேட்டுக்கினு இருந்தேன். நீ நாலு வூடு தள்ளி கம்முனு இருந்துக்கீற." எழுந்து விடுவிடுவென்று போய்விட்டாள்.

சுகுமார் ஷூவின் பிளந்த வாயை இடது கையால் அழுத்திப் பார்த்தான். "எங்கிட்டயாவது சொல்றதுக்கு இன்னா?" என்றான்.

"நீ சிரிப்ப மாமா."

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "போன்ல சொன்னா சூப்பர்வைசரு நம்ப மாட்டாரு. நேர்ல போ," என்றான்.

சுதா ஷூவை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். குடோன் கேட்டில், போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "கிழிஞ்ச ஷூவப் போட்டு அனுப்பிட்டு இப்ப வந்து சொல்றியே!" என்று அவர் கத்தினார். நின்று வாங்கிக்கொண்டாள். பவளத்தை வரச் சொல்வதாக அவர் வாயால் சொல்லும்வரை நகரவில்லை.

பவளம் மறுபடி வேன் ஏறினாள். ஆனால் சுதா எதிரில் வந்தால் எங்கோ பார்த்துக்கொண்டு போவாள். சுதாவும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு பவளம் ஓர் இரவு முழுக்கக் கிடந்தாளே, அதை எந்த சூப்பர்வைசர் திருப்பித் தருவார்?

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், தெருக்குழாயில் சுதா குடத்தோடு ஒதுங்கி நின்றாள். பவளம் குழாயடியிலிருந்து தன் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

"தண்ணி நிக்கப் போவுது. புடி," என்றாள், முகம் பார்க்காமல்.