கூப்பிடு தூரம்

உச்சிமாகாளிக்குத் தன் காதின்மேல் ஒரு காலத்தில் தலைகால் புரியாத பெருமை. ஒரகடத்தில் கார் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில், அவனுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். தகடு உள்ளே போய், மேலிருந்து டை என்கிற அச்சு இறங்கி, பாகமாக வெளியே விழும் அந்தச் சத்தத்தில் இம்மி மாறினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். உடனே முஷ்டியைத் தூக்கி லைனை நிறுத்துவான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துண்டுத் தகடு சிக்கியிருக்கும். சூப்பர்வைசர் புருஷோத்தமன் புதிதாகச் சேருகிறவர்களிடம், "மிஷினைக் கண்ணால பாக்காதீங்கப்பா, உச்சியாட்டம் காதால பாருங்க" என்று சொல்வார். அதைக் கேட்டு இவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கம்பெனி கொடுத்த ரப்பர் இயர் பிளக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் தொங்கும். ஆடிட் வருகிற நாளில் மட்டும் காதுக்குள் ஏறும். ஆடிட்காரர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி கழுத்துக்கு இறங்கிவிடும். காதை அடைத்துக்கொண்டு மிஷினை எப்படிக் கேட்பது என்பது அவன் கட்சி. அந்த ஷாப்பில் பாதிப் பேருக்கு அதே கட்சிதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் குடியிருக்கும் பென்னலூர் முழுக்கக் கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது, பக்கத்து வீட்டு டிவி அடங்கியது. பழைய டியூப்லைட் சோக்கு இரைவதுபோல ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"எந்த வீட்டுல இன்வெர்ட்டர் இரையுது?" என்று மனைவி இசக்கிசெல்வியிடம் கேட்டான்.

"கரண்டே இல்ல. எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் வீட்டில் இல்லை, தன் காதுக்குள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சும்மா இரைந்துகொண்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். குக்கர் ஒரு விசில் அடித்தால் போதும், உள்ளே அது பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடாது. எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் தலைக்குள் ஆணி இறங்கும். மிக்ஸி ஓடினால் வாசலுக்கு ஓடுவான். அப்போது அவன் செய்த காரியம்தான் வேடிக்கை. மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் கழுத்தில் தொங்கிய பிளக்கை, வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆயிரம் டன் பிரஸ்ஸுக்குத் திறந்து வைத்த காதை அரைக் கிலோ தேங்காய்ச் சட்னிக்கு மூடிக்கொண்டான்.

இசக்கிசெல்வி ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரி. அவள் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவள் தன் குரலை முதலில் மடித்து வைத்தாள். பிறகு குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். சட்னி அரைக்கக் கீழ்வீட்டுச் சரோஜா அக்காவிடம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தட்டெல்லாம் பிளாஸ்டிக் ஆயின. மகள் பூஜாவின் கொலுசைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாள். கட்டியவனுக்கு நோகக்கூடாது என்று அவள் செய்யாதது இல்லை.

பேச்சுக்குப் பதிலாக என்ன செய்வது என்பதற்கு வழி சொன்னவன் உச்சிமாகாளிதான். பிரஸ் ஷாப்பில் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. கையாலேயே எல்லாம் நடக்கும். கட்டைவிரலைச் சுழற்றினால் மிஷினை ஓட்டு என்று அர்த்தம். உதட்டருகே இரண்டு விரல் என்றால் டீ. தலையில் உள்ளங்கையை வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். அந்தச் சைகைகளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். இசக்கிசெல்வி தட்டுத்தடுமாறினாள். இரண்டரை வயது பூஜா ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். வீட்டு ஓனர் சரோஜா அக்கா படியேறி வந்தால் தலையில் உள்ளங்கையை வைத்து அப்பாவுக்குத் தகவல் சொல்வாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரிலிருந்து வந்த மச்சான் வேல்ராஜிடம், "லைன் சைகை அம்புட்டும் தெரியும் என் மகளுக்கு, நாளைக்கே ஷிப்ட்டுக்கு அனுப்பலாம்" என்று காட்டிக்காட்டி மகிழ்ந்தான். பெருமைப்படத் தெரிந்த மனுஷனுக்கு எதில் பெருமைப்படுவது என்று தெரியவில்லை.

இந்த ஜூனில் பூஜாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தார்கள். அக்டோபரில் ஒருநாள் வகுப்பு டீச்சர் காவேரி மிஸ் அவனை வரச் சொல்லி ஆள்விட்டார். முதல் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு போனான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று காவேரி மிஸ் ஆரம்பித்தார். "பாப்பாவுக்கு வாய் பேச வராதா?"

"நல்லாப் பேசுவாளே மிஸ்."

"நாலு மாசமா ஒரு வார்த்த பேசல சார். காது கேக்குது, சொன்னா எழுதுது, எல்லாம் புரியுது. ஆனா கையக் கையக் காட்டிகினு நிக்குது. ரெண்டு விரல ஒதட்டுகிட்ட வெச்சா தண்ணி வோணும்னு நானே புரிஞ்சிக்கினேன். நேத்து கிரவுண்டுல வுழுந்து முட்டி பேந்துடுச்சி. ரத்தம் கொட்டுது. அழுவல சார் அது. முஷ்டிய இப்டி மேல தூக்கிகினு, யாராச்சும் பாப்பாங்களான்னு சுத்திச் சுத்திப் பாத்துகினு நிக்குது. அதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

உச்சிமாகாளிக்குத் தெரியாத அர்த்தமா? லைனில் ஆள் யாராவது அடிபட்டாலும் காட்டுகிற சைகை அது. மிஷினை நிறுத்து, இங்கே வா என்று அர்த்தம். நேற்று சாயங்காலம் முட்டியில் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, 'அழாம சமத்தா இருந்தியா' என்று அவளைத் தட்டிக்கொடுத்ததும் அவன்தான்.

"நிறுத்துன்னு அர்த்தம் மிஸ்" என்றான்.

பள்ளியிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்பு. இரண்டு வயதில் அவள் எப்படிக் கத்துவாள். கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும்போதே மாடியிலிருந்து 'அப்பா' என்று ஒரு கூச்சல் வரும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம், 'உச்சி, உனக்கு சைரன் அடிச்சாச்சு, எறங்கு' என்பார்கள். அந்தக் குரலை ஒருநாள் இவனேதான் விரலை வாயில் வைத்து அடக்கினான். அடக்கிய பிறகு அதைத் தேடவும் இல்லை. இப்போது அந்தக் குரல் வேண்டும்போல் இருந்தது. சோறு தண்ணி வேண்டாம், அந்த ஒரு கூச்சல் வந்தால் போதும்.

மறுநாளே லீவு போட்டுக் குன்றத்தூரில் ஒரு காது டாக்டரைப் பார்த்தான். டாக்டரம்மா சோதித்துவிட்டு, பிளக்கை எங்கே போடுகிறான் என்று கேட்டார். சொன்னான்.

"தலைகீழாப் பண்ணியிருக்கீங்க. வேலையில கட்டாயம் போடுங்க. வீட்ல கழட்டிடுங்க. ரொம்ப மூடி வெச்சா காது சின்னச் சத்தத்தக்கூடப் பெருசாக் காட்டும். இரைச்சல் முழுசாப் போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுச் சத்தம் சாதாரணமா இருந்தா மெல்ல மெல்லப் பழகும்."

குக்கர் பரணிலிருந்து இறங்கியது. முதல் விசிலுக்கு உச்சிமாகாளி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். பூஜா எங்கிருந்தோ ஓடிவந்து, அடுப்பங்கரை வாசலில் நின்று, குக்கரைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள். இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பேசு தாயி. சத்தமாப் பேசு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் மகளிடம்.

பூஜா அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். அவளுக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள், கொலுசை மாட்டிவிட்டார்கள். அது குலுங்காமல் நடக்க அவள் பழகிக்கொண்டாள். பத்து நாள் ஆயிற்று. குரல் வெளியே வரவில்லை. வராமலே போய்விடுமோ என்று அவனுக்குப் பயம் பிடித்தது. இரைச்சலைவிட இந்தப் பயம்தான் அவனைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் போனான். மனை போட்டுக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாத வெட்டவெளி அது. ஒரு கல்லருகே அவளை நிறுத்தினான்.

"நான் அங்கன போய் நிக்கேன். நீ அப்பான்னு கூப்பிடு. கேட்டாத்தான் வருவேன், சரியா?"

பூஜா கட்டைவிரலைச் சுழற்றினாள். ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் ஆட்டி அழைத்தாள். அந்தச் சைகையைப் பார்த்தால் வேலைக்கு ஆகாது என்று அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

தூரத்தில் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காதுக்குள் அதே சோக்குச் சத்தம். கூப்பிடு, கூப்பிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றான். துண்டுத் தகடு சிக்கினால் பத்து மிஷினுக்கு நடுவே கண்டுபிடிக்கிற காது, பெற்ற மகள் ஐம்பது அடியில் என்ன செய்கிறாள் என்று தெரியாமல் நின்றது. ஒருவேளை கூப்பிட்டு, தனக்குத்தான் கேட்காமல் போயிற்றோ என்று தோன்றியது. இருந்தாலும் திரும்பவில்லை.

சட்டையை யாரோ இழுத்தார்கள். குனிந்து பார்த்தான். பூஜா வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. மண்டியிட்டுக் காதைக் கொடுத்தான்.

"கூப்பிட்டேன்ப்பா. ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். கேக்கலியா?" என்று கிசுகிசுத்தாள்.

கேட்டது என்று சொல்லிவிடலாம். குழந்தை சந்தோஷப்படும், அத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். சொல்ல வாயைத் திறந்தவன் நிறுத்திக்கொண்டான்.

"இல்ல தாயி. அப்பாவுக்குக் கேக்கல."

பூஜா ஏதோ கணக்குப் போடுகிறவள்போல அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயைக் காதோடு ஒட்டவைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள்.

"அப்பா."

அவன் கண்ணில் நீர் தெறித்தது. தலைக்குள் ஒரேயடியாகக் கொய்ங் என்று எழும்பி, லாரிச் சத்தம், காற்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு இரைந்ததில்லை. பூஜா பயந்துபோய்ப் பின்வாங்கி அவனைப் பார்த்தாள். 'நோவுதா?' என்று அவள் வாய் கேட்டதை அவனால் பார்க்கத்தான் முடிந்தது.

"நோவல. நல்லாக் கேட்டுச்சு" என்று சிரித்தான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். பூஜாவின் வாய் திறந்துகொண்டது. இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிறாள் என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கையைக்கூட ஆட்டாமல், அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தைகூட உச்சிமாகாளிக்குப் பிடிபடவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.