சுவரிலிருந்து ஐந்து மீட்டர்

தெருவே தலைவர் என்று அழைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே ஒரு வருடம் தலைவராக இருந்தவர். அது முடிந்து பதினோரு வருடமாகிறது. அவருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

அவர் வீட்டு மரக்கிளையின் நிழல், தையல்காரம்மா தன் தோட்டத்துத் தரையில் நிறுத்தியிருந்த சோலார் பேனலில் விழுந்தது. வெட்டச் சொல்லி அவள் போய்க் கேட்டபோது, "எழுத்து மூலமா கொடும்மா" என்றார். அதோடு விட்டாரா? தன்னைக் கேட்காமல் பேனல் வைத்துவிட்டாளே என்ற ஆற்றாமையில், தரையில் நிற்கும் பேனல் எல்லையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியைத் தேடிப் பிடித்து, நகராட்சிக்கு ஒன்பது பக்கப் புகாரும் ஐந்து இணைப்புகளும் அனுப்பினார்.

பேனலைக் கழற்றினால் அவளுடைய மூன்று தையல் மெஷினும் படுத்துவிடும். அந்தத் தெருவில் கரண்ட் விருந்தாளி மாதிரிதான் வந்து போகும்.

அதிகாரி வந்தார். டேப்பை இழுத்தார். சுவரிலிருந்து நாலு மீட்டர் அறுபது.

"பார்த்தீங்களா! நாற்பது சென்டிமீட்டர் குறையுது. சட்டம்னா சட்டம்!" தலைவர் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

"போச்சா அண்ணி?" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"இருடி." தையல்காரம்மா முன்னால் வந்தாள். "சார், விதியில சுவர்னு இருக்கா, எல்லைன்னு இருக்கா?"

"எல்லைன்னுதான்."

"சுவர்தான்மா எல்லை! நானே நின்னு கட்டினது," என்றார் தலைவர்.

"அதான் சார் சிக்கலே. நோட்டீஸோட புகார் காப்பி ஒண்ணு எனக்கும் வந்துச்சு. அண்ணனோட அஞ்சாவது இணைப்பைப் பாருங்க."

அது தலைவரின் மனை வரைபடம். புகாருக்குக் கனம் கூட்டச் சேர்த்தது. அதைப் பார்த்தபடியே அதிகாரி தலைவரின் தோட்டத்துக்குள் நடந்து, ஒரு பூந்தொட்டியை நகர்த்தினார். அடியில் எல்லைக்கல். அங்கிருந்து அளந்தால் பேனலுக்கு ஐந்து மீட்டர் இருபது.

"பத்திரத்தைப் பார்த்து, இருபது கூடவே விட்டுத்தான் வச்சேன் சார். துணியிலயே தையலுக்கு விடுறவ, மண்ணுல விடமாட்டேனா?"

"பேனல் சரியாத்தான் இருக்கு. சுவர்தான் அறுபது சென்டிமீட்டர் உங்க மண்ணுல நிக்குது. புகார் தர்றீங்களா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

தலைவருக்குக் குரல் இறங்கியது. "தங்கச்சி... கிளையை நாளைக்கே வெட்டிடறேன்."

"எழுத்து மூலமா கொடுங்கண்ணே," என்று பேனாவை நீட்டினாள்.

கொடுத்தார். ஒரே வரி. இணைப்பு எதுவும் இல்லை.